சிகாகோவில் முற்போக்குக் குரல் ஏன் மெல்லக் கேட்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்கப் பேச்சு வானொலி பற்றி எழுதியிருந்தோம். அங்கே நாள் முழுக்க அரசியல் பேசும் வணிக நிலையங்களில் பெரும்பாலானவை வலதுசாரிச் சார்பு கொண்டவை. சிகாகோவில் 2005-ல் தொடங்கிய டபிள்யூசிபிடி என்ற முற்போக்கு நிலையம் தாக்குப்பிடித்து நிற்கிறது என்று சொன்னோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிகாகோவே ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே முற்போக்கு வானொலிக்கு என்ன வேலை? – எஸ்.ஆர்., திருச்சி

கோட்டையாக இருப்பதால்தான் வேலை அதிகம். சிகாகோவின் கடைசிக் குடியரசுக் கட்சி மேயர் பதவியை விட்டு இறங்கியது 1931-ல். அதன்பிறகு சண்டை எல்லாம் ஒரே கட்சிக்குள்தான். ஒரு பக்கம், வேலைவாய்ப்பையும் ஒப்பந்தங்களையும் கையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக ஓட்டுத் திரட்டிய பழைய அமைப்பு. அதை ஊர்க்காரர்கள் ‘மெஷின்’ என்பார்கள். மறுபக்கம் தொழிற்சங்கங்கள், கறுப்பின, லத்தீன் சமூக அமைப்புகள், சீர்திருத்தக்காரர்கள்.

மேயர் தேர்தலும் 50 வார்டுகளுக்கான நகர்மன்றத் தேர்தலும் கட்சிப் பெயர் இல்லாமல் நடக்கின்றன. பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை முதல் சுற்று. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் ஏப்ரலில் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று. 2023-ல் முதல் சுற்றில் மிதவாதியான பால் வாலஸ் சுமார் 33 சதவீதம் வாங்கி முன்னால் நின்றார். முற்போக்கு வேட்பாளர் பிராண்டன் ஜான்சனுக்கு 22 சதவீதம்கூட இல்லை. ஏப்ரல் 4 அன்று ஜான்சன் சுமார் 52 சதவீதம் பெற்று ஜெயித்தார். அவர் ஆசிரியராக இருந்து, ஆசிரியர் சங்கத்தின் களப்பணியாளராக வந்தவர். இரண்டு சுற்றிலுமே வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தொடவில்லை.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, வெளியே குளிர், வருகிறவர்களும் குறைவு. இப்படிப்பட்ட தேர்தலில் ஒரு வார்டு வேட்பாளரைக் கால்மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் வானொலிக்கு ஈடான இடம் குறைவு. தொலைக்காட்சிச் செய்தியில் அவருக்கு அரை நிமிடம் கிடைத்தாலே பெரிது.

‘நியாயக் கொள்கை’யை 1987-ல் நீக்கியதால்தான் வலதுசாரி வானொலி வளர்ந்தது என்கிறார்களே. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா? – ம.செ., மதுரை

சரியாகாது. நல்ல எண்ணம் கொண்ட பலர் இதையே ஒற்றை மருந்தாக நம்புவதால் விளக்கமாகச் சொல்கிறோம்.

1949-ல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த அந்தக் கொள்கை, உரிமம் பெற்ற நிலையங்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டது. பொதுமக்களுக்கு முக்கியமான, சர்ச்சைக்குரிய பிரச்சினைகளைப் பேச வேண்டும். பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் நியாயமான இடம் தர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் சமமாகத் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1969-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 1987-ல் இதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் முயன்றபோது அதிபர் ரீகன் தடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆணையமே கொள்கையைக் கைவிட்டது. அடுத்த ஆகஸ்டில் வலதுசாரித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. தேதிகள் இப்படி ஒட்டி நிற்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் வேறு சிலவும் சேர்ந்து நடந்தன. பாட்டுக் கேட்பவர்கள் ஒலித்தரம் தேடி எஃப்எம்முக்குப் போய்விட்டார்கள். காலியான ஏஎம் (மத்திய அலை) நிலையங்களுக்குக் குறைந்த செலவில் ஏதாவது ஓட வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழியே ஒரே நிகழ்ச்சியை நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அனுப்புவது மலிவாகிவிட்டது. பிறகு 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு போயிற்று. 45 அல்லது அதற்கு மேல் நிலையங்கள் உள்ள சந்தையில் ஒரே முதலாளி 8 வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. எங்களைக் கேட்டால் 1987-ஐவிட 1996-தான் ஆழமான காயம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். வேட்பாளர்களுக்கான ‘சமவாய்ப்பு’ விதி வேறு. அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் எதிர் வேட்பாளர் கேட்கும்போது அதே மாதிரி நேரம் தர வேண்டும். உண்மையான செய்தி நிகழ்ச்சிக்கும் செய்திப் பேட்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால் பேச்சு நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் தாமே வேட்பாளராக நின்றால் ஒலிவாங்கியை விட்டு எழுந்துவிடுவதுதான் நிலையத்துக்கு நல்லது. அவர் பேசும் ஒவ்வொரு மணிக்கும் எதிராளி கணக்குக் கேட்க முடியும்.

‘ஏர் அமெரிக்கா’ ஏன் தோற்றது? முற்போக்குப் பேச்சைக் கேட்க ஆள் இல்லையா? – கா.ந., கோயம்புத்தூர்

ஆள் இருந்தது. காசும் கோபுரமும்தான் இல்லை. 2004 மார்ச் 31 அன்று ஏர் அமெரிக்கா என்ற அந்த முற்போக்குப் பேச்சு வானொலி நெட்வொர்க் தொடங்கியது. சொந்தமாக நிலையங்கள் கிடையாது. சிகாகோவில் 950 கிலோஹெர்ட்ஸை வாடகைக்குப் பிடித்திருந்தது. இரண்டு வாரம்தான். பணத் தகராறில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஒரே நாளில் ஒலிபரப்பு நின்றது. புதிதாகக் கேட்கத் தொடங்கியவர் ஒருநாள் காலையில் பெட்டியைத் திருப்பினால் அந்தக் குரல் அங்கே இல்லை. வானொலி கேட்பது பழக்கத்தால் நடப்பது. அறுந்தால் ஒட்டுவது கடினம். 2006 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டது, கைமாறியது, 2010 ஜனவரியில் முற்றிலும் மூடியது. அங்கே பேசிய ஆல் ஃபிராங்கன் செனட்டர் ஆனதும், ரேச்சல் மேடோ தொலைக்காட்சிக்குப் போனதும் திறமைக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பதற்குச் சான்று.

காசு விஷயத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நாடு முழுக்கப் போகும் நிகழ்ச்சியை உள்ளூர் நிலையம் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்குவதில்லை, பண்டமாற்றுதான். ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 நிமிடத்தை நெட்வொர்க் விற்றுக்கொள்ளும், மீதி 10 நிமிடத்தை நிலையம் விற்கும். உள்ளூர் நிகழ்ச்சி என்றால் 15 நிமிடமும் நிலையத்துக்கே. ஆனால் தொகுப்பாளர், தயாரிப்பாளர், அழைப்புகளை எடுப்பவர், ஒலிக்கலவைப் பலகையை இயக்குபவர் என நாலு சம்பளம். அதனால் கணக்குப் பார்க்கும் முதலாளி முதலில் வெட்டுவது உள்ளூர் மணிகளைத்தான். வெட்டியதும் பக்கத்துத் தெரு ஹார்ட்வேர் கடைக்காரருக்கு அங்கே விளம்பரம் கொடுக்கக் காரணம் இல்லாமல் போகிறது.

அரசியல் சண்டை நடக்கும் இடத்தில் பெயர் வருவதைப் பெரிய நிறுவனங்கள் விரும்புவதில்லை. ஏர் அமெரிக்கா நிகழ்ச்சிகளின் நடுவே தங்கள் விளம்பரம் வரக் கூடாது என்று சுமார் 90 விளம்பரதாரர்கள் சொன்னதாக ஒரு வானொலி நெட்வொர்க்கின் உள் குறிப்பு 2006-ல் வெளியே வந்தது. வலதுசாரி நிலையங்களுக்கும் இந்தத் தயக்கத்தின் அடி உண்டு. 2012-ல் லிம்பாவை விட்டு விளம்பரதாரர்கள் ஓடினார்கள். ஆனால் 50,000 வாட் கோபுரமும் பல ஆண்டுப் பழக்கமும் உள்ளவர்களால் அந்த அடியைத் தாங்க முடிந்தது.

சிகாகோ நிலையம் பிழைத்தது வேறு வழியில். அதைத் தொடங்கிய நியூஸ்வெப் நிறுவனத்தின் ஃபிரெட் ஐகானர் அச்சுத் தொழில் செய்தவர், ஜனநாயகக் கட்சிக்குப் பெரிய நன்கொடையாளர். 2002-ல் தன் தொலைக்காட்சி நிலையத்தை ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு 42.5 கோடி டாலருக்கு விற்றவர். அப்படிப்பட்ட ஒருவரின் பொறுமைதான் அந்த நிலையத்துக்கு அடித்தளம். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் பொறுமையில் நிற்பது ஓர் இயக்கத்துக்குப் போதாது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

தொழிலாளர்களே வானொலி நடத்தியது உண்டா? – இ.ஜோ., தூத்துக்குடி

உண்டு, அதே சிகாகோவில். தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான சிகாகோ தொழிலாளர் சம்மேளனம் 1926-ல் டபிள்யூசிஎஃப்எல் என்ற நிலையத்தைத் தொடங்கியது. பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் சம்மேளனத்தின் முதலெழுத்துகள். அதன் செயலாளர் எட்வர்ட் நாக்கல்ஸ் இதற்காகவே வாழ்ந்தார். ஏரிக்குள் நீண்டு நிற்கும் நேவி பியர் துறைமுகமேடைதான் முதல் கூடம்.

1920-களின் இறுதியில் அப்போதைய மத்திய வானொலி ஆணையம், ஒரு தரப்பின் கருத்தைச் சொல்லும் நிலையங்களை ‘பிரசார நிலையங்கள்’ என்று வகைப்படுத்திப் பின்னால் தள்ளியது. விளம்பரத்தில் ஓடும் நிலையங்களுக்கு நல்ல அலைவரிசை. தொழிலாளர் நிலையத்துக்கு இரவு நேரம் கிடைக்கவில்லை. பகலெல்லாம் ஆலையில் நிற்பவருக்கு இரவில்தான் காது ஓய்வாக இருக்கும். நாக்கல்ஸ் ஆண்டுக்கணக்கில் போராடி முழுநேர உரிமை வாங்கினார். காலப்போக்கில் நிலையம் பாட்டுப் பக்கம் சாய்ந்தது. 1960-களில் இளைஞர்களுக்கான ஹிட் பாடல் நிலையமாகக் கொடிகட்டிப் பறந்தது. 1978-ல் சம்மேளனம் அதை விற்றுவிட்டது. அந்த 1000 கிலோஹெர்ட்ஸில் இன்று விளையாட்டுப் பேச்சு.

வானொலியும் களப்பணியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1982-ஐத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். வாக்காளர் பதிவின் கடைசி நாள் அக்டோபர் 5. கறுப்பினத்தவர் நடத்திய சாஃப்ட் ஷீன் என்ற தலைமுடிப் பொருள் நிறுவனத்தின் எட் கார்ட்னர், அந்தத் தேதியை எதுகையோடு சொல்லும் விளம்பரங்களைக் கறுப்பின நிலையங்களில் ஓடவிட்டார். கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ கிடையாது. பதிவு செய்யுங்கள், இந்தத் தேதிக்குள் செய்யுங்கள், அவ்வளவுதான். தெருவில் தொண்டர்கள் படிவத்தோடு நின்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய வாக்காளர்கள் சேர்ந்தார்கள். 1983 ஏப்ரலில் ஹெரால்ட் வாஷிங்டன் நகரின் முதல் கறுப்பின மேயர் ஆனார். சுமார் 52 சதவீதம். இவ்வளவு நெருக்கமான வெற்றியில் அந்தப் பதிவுகளின் எடை என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுநேரம் கிடைக்காத சிக்கல் தொழிலாளர் நிலையத்துக்கு மட்டும் அல்ல. கறுப்பினப் பேச்சு நிலையமான டபிள்யூவிஓஎன் வெகுகாலம் 1450 கிலோஹெர்ட்ஸை இன்னொரு நிலையத்தோடு பங்குபோட்டுக்கொண்டது. மதியம் 1 மணிக்கு எழுந்து இடம்விட வேண்டும், இரவு 10 மணிக்குத்தான் திரும்ப வரலாம். 2006-ல் 1690-க்கு மாறிய பிறகே நாள் முழுதும் பேச முடிந்தது.

மார்ச் 2024-ல் வீடற்றோருக்கு உதவ வரியை மாற்றும் சிகாகோ வாக்கெடுப்பு தோற்றதே, முற்போக்குப் பிரசாரத்தில் என்ன தவறு? – ர.வி., சேலம்

வானொலியில் சொல்ல முடியாத வடிவத்தில் திட்டம் இருந்தது என்பது எங்கள் கருத்து. சொத்து கைமாறும்போது வாங்குபவர் நகரத்துக்குச் செலுத்தும் வரி 0.75 சதவீதம். அதை மூன்று படியாக்க முன்மொழிந்தார்கள். 10 லட்சம் டாலர் வரையிலான தொகைக்கு 0.60, 10 லட்சத்துக்கு மேல் 15 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 2, அதற்கு மேலுள்ள பகுதிக்கு 3 சதவீதம்.

காதால் கேட்பவருக்கு இந்த ஆறு எண்களும் தங்காது. எதிர்த்தரப்புக்கோ ‘சொத்து வரியை ஏற்றுகிறார்கள்’ என்ற மூன்று சொல்லே போதும். நல்ல தொகுப்பாளர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரே ஒரு வீட்டை எடுத்திருக்க வேண்டும். 5 லட்சம் டாலர் வீடு: பழைய வரி 3,750, புதிய வரி 3,000, உங்களுக்கு 750 மிச்சம். இதை மணிக்கு இரண்டு முறை சொல்லலாம். யாராவது அழைத்து ‘12 லட்சம் வீட்டுக்கு?’ என்றால்: முதல் 10 லட்சத்துக்கு 6,000, மீதி 2 லட்சத்துக்கு 4,000, மொத்தம் 10,000, முன்பு 9,000. ஆயிரம்தான் கூடுதல். இன்னொரு வலுவான எதிர்வாதமும் இருந்தது: நகர மையத்தில் காலியாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் இதில் அடங்கும், வாடகை ஏறும் என்பது. அதற்கு நேரான பதில் இல்லாமல் ‘பணக்காரர் வரி’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், சொந்த ஆதரவாளர்களே தயங்குவார்கள்.

நிகழ்ச்சிக்குப் போன் செய்து பேசுவது எப்படி? பாதியில் துண்டித்துவிடுகிறார்களாமே! – தா.லெ., சிகாகோ

முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் அல்ல, அழைப்புகளை வடிகட்டும் உதவியாளர். பெயர், பகுதி, என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்பார். ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘ரோஜர்ஸ் பார்க்கிலிருந்து பேசுகிறேன், பேருந்துத் தடம் குறைப்பதை எதிர்க்கிறேன், எனக்கு இரவு ஷிப்ட்’. அது தொகுப்பாளரின் திரையில் ஒரு வரியாக ஏறும். ‘எனக்கு ஒரு கருத்து இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசிதான்.

காத்திருக்கும்போது வானொலியை முழுவதும் அணைத்துவிடுங்கள். குறைப்பது போதாது. கெட்ட வார்த்தையைப் பிடிக்க ஒலிபரப்பைச் சில விநாடிகள் தாமதமாக அனுப்புகிறார்கள். உங்கள் குரல் பெட்டியிலிருந்து பின்னால் வந்து காதில் விழுந்தால் நாக்கு தானாகக் குழறும்; தொகுப்பாளர் உடனே வெட்டிவிடுவார். பலர் ‘துண்டித்துவிட்டார்கள்’ என்று வருந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்பீக்கர்போன் வேண்டாம், காரின் புளூடூத்தும் வேண்டாம், நடந்துகொண்டே பேச வேண்டாம்.

நேரலைக்கு வந்ததும் 40 விநாடிதான் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நலம் விசாரிப்பு, நிகழ்ச்சிக்குப் பாராட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முடிவை முதலில் சொல்லுங்கள். பிறகு உங்கள் கண்ணால் பார்த்த ஓர் உண்மை. கடைசியில் கேட்பவர் செய்யக்கூடிய ஒரு காரியம்: எந்த வார்டு, எந்தத் தீர்மானம், நகர்மன்றம் கூடும் நாள். ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைச் சொல்லித் திருடன் என்றால் அவதூறு வழக்கு நிலையத்துக்கும் வரும். அதற்கும் ஒலியை வெட்டும் பொத்தானில் விரல் தயாராக இருக்கும்.

விளம்பரம் முடியப்போகும் நேரத்தில் அழைத்தால் எடுக்கப்படும் வாய்ப்பு அதிகம். கேட்போர் அளவீட்டில், ஒரு கால்மணியில் 5 நிமிடம் கேட்டால்தான் கணக்கில் வரும் என்றிருந்தது. 2025 ஜனவரியிலிருந்து 3 நிமிடம். அதனால் புதிய கால்மணி தொடங்கும்போது சூடான அழைப்பை முன்னால் வைக்க நினைப்பார்கள்.

நான் டெவான் அவென்யூ பக்கம் குடியிருக்கிறேன், எச்1பி விசா. இங்கே அரசியலில் என்ன செய்யலாம், என்ன கூடாது? – பெயர் வேண்டாம், சிகாகோ

கூடாதவை முதலில். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது யாராவது படிவத்தை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னாளில் குடியுரிமையையே அது கெடுக்கும். எந்தத் தேர்தல் பிரசாரத்துக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர் கூடாது. ஊதியமில்லாமல் தொண்டு செய்யலாம். வானொலியில் பேசலாம். ஆனால் 2025-ல் பேச்சின் காரணமாக மாணவர் விசாக்கள் பறிக்கப்பட்டதைப் பார்த்தோம். உரிமை இருப்பது வேறு, அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் அலைச்சல் வேறு. வெளியுறவு விவகாரங்களில் பேசும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வாசல் இருக்கிறது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் 1988-ன் சட்டப்படி உள்ளூர்ப் பள்ளி மன்றங்கள் உண்டு. அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் பெற்றோரும் பள்ளி எல்லைக்குள் குடியிருப்பவரும் குடியுரிமை இல்லாமலேயே அதற்கு ஓட்டுப் போடலாம். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பல பள்ளிகளில் அந்த மன்றத்துக்கு உண்டு. போகும்போது முகவரிச் சான்று எடுத்துப் போங்கள். நகர எல்லைக்கு வெளியே, ஷாம்பர்க், நேப்பர்வில் பக்கம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

பகலில் டபிள்யூசிபிடியின் 820 கிலோஹெர்ட்ஸ் ஓரளவு கேட்கிறது, பொழுது சாய்ந்தால் இரைச்சல். செல்போனில் கேட்கலாம், ஆனால் ரேடியோவிலேயே கேட்க ஆசை. – ப.கு., நேப்பர்வில்

ஆசை நியாயமானது. இரவில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். 820-ல் டெக்சாஸின் டபிள்யூபிஏபி 50,000 வாட்டில் ஒலிக்கிறது, அந்த அலைவரிசையில் முன்னுரிமை அதற்குத்தான். மற்றவர்கள் இரவில் அதற்கு இடையூறு செய்யக் கூடாது. சிகாகோ நிலையத்தின் சக்தி பகலிலேயே 6,000 வாட்டை எட்டாது. ஆனால் சக்தி ஒன்பதில் ஒரு பங்கு என்றால் அலையின் வலு மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே முயலலாம்.

முதலில் வீட்டு இரைச்சலை வேட்டையாடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோவை 820-ல் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சத்தம் தெளிந்தால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறது: எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர். ஒவ்வொன்றாக இணைத்துக் கண்டுபிடியுங்கள்.

பிறகு மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய ஆன்டெனா ஒன்றைச் செய்யுங்கள். 60 செ.மீ. பக்கமுள்ள மரச்சதுரம், அதன்மேல் 12 சுற்று இன்சுலேட்டட் கம்பி, சுற்றுக்குச் சுற்று 3 மி.மீ. இடைவெளி, மொத்தம் 29 மீட்டர் ஆகும். இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவில் இருக்கும் 365 பிகோஃபாராட் திருகு கெப்பாசிட்டரில் சேருங்கள். ரேடியோவுக்குக் கம்பி இணைப்பு வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி (அதுதான் ரேடியோவின் உள் ஆன்டெனா) சட்டத்தின் தளத்துக்குக் குறுக்காக, செங்கோணத்தில் கிடக்கும்படி பக்கத்தில் வையுங்கள். 820-ல் நிறுத்திக் கெப்பாசிட்டரை மெதுவாகத் திருப்பினால், பாதித் திருப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஓரிடத்தில் ஒலி சட்டென்று எழும். சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் அந்த இடம் நகர்ந்துவிடும். ஒரு சுற்றைக் கழற்றிப் பாருங்கள்.

இனி சட்டத்தையும் ரேடியோவையும் சேர்த்துச் சுழற்றுங்கள். சட்டத்தின் விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது பலமாகக் கேட்கும். அகன்ற முகம் பார்க்கும் திசை அடங்கிவிடும். டெக்சாஸ் நேப்பர்விலுக்குத் தென்மேற்கே. அகன்ற முகத்தை அந்தப் பக்கம் காட்டி, டெக்சாஸ் குரல் மிகவும் தேயும் கோணத்தில் நிறுத்துங்கள்; 820-ன் ஒலிபரப்புக் கோபுரம் அதே கோட்டில் இல்லாதவரை அது மிஞ்சி நிற்கும்.